மோட்டார் ரூம் சுவர்

மைதிலி அண்ணனின் இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தாள். ஆக்சிஜன் குழாய் மூக்குக்குக் கீழே குறுக்காக ஓடியது. அதை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ரேசரை இழுக்க வேண்டியிருந்தது.

“மீசையில கை வெக்காத,” என்றான் பூபாலன்.

“வெக்கல. வாய மூடு, நுரை உள்ள போவுது.”

கட்டிலின் கால்மாட்டில் டிவி சத்தமில்லாமல் ஓடியது. ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் மேட்ச். அங்கே உச்சி வெயில். இங்கே முத்தாபுதுப்பேட்டைத் தெருவில் ஸ்கூல் வேன்கள் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. யாரோ ஒரு புதுப் பையன் லெக் ஸ்பின் போட வந்தான். பூபாலன் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினான். மைதிலியும் ரேசரை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பந்து உயரப் போய் இறங்கி, திரும்பாமல் நேராக வந்து பேட்ஸ்மேன் காலில் பட்டது. பையன் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். அம்பயர் அசையவில்லை.

“வெளிய போவுது,” என்றான் பூபாலன்.

“மேல போவுது,” என்றாள் மைதிலி.

டிவியில் மறுபடி காட்டினார்கள். பந்து ஸ்டம்புக்கு மேலே போனது. பூபாலன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. மைதிலி அவன் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து, இருமல் அடங்கும்வரை பிடித்துக்கொண்டாள். தோள்பட்டை எலும்பு கையில் குத்தியது. ஒரு காலத்தில் அந்தத் தோளைப் பற்றிப் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள்.

அவனுக்கு முன்னால் வந்த லெக் ஸ்பின்னர்கள் எல்லோருடைய கணக்கையும் தாண்டி டெஸ்டில் விக்கெட் எடுத்தவன். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த ஜெயராமனின் மகன், குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஓய்வு பெற்று பெங்களூருவில் வீடு கட்டினான். மனைவி சௌம்யா இறந்த பிறகு அந்த வீட்டில் தனியாக இருந்தான். மகன் விக்ரம் சிட்னியில். நுரையீரல் காய்ந்த ஸ்பாஞ்சு மாதிரி இறுகிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொன்னபோது, பெங்களூருவுக்கே நர்ஸ் வைத்துவிடலாம் என்றான் விக்ரம் போனில். பூபாலன் தலையை ஆட்டி மறுத்தான். “மைத்தி ஊட்டுக்கு,” என்றான். பெங்களூரு, லண்டன் எல்லாம் பார்த்த வாயில் அந்த ‘ஊடு’ எப்படித் தங்கியிருந்ததோ தெரியவில்லை.

பூந்தமல்லியில், கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். முன்னறையிலிருந்த சோபாவை மாடிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் ஓரமாக அதைப் போட்டான் கடைக்காரன். கேட்டருகே வண்டியை நிறுத்தி வீட்டைப் போட்டோ எடுப்பவர்களை மைதிலியின் கணவர் தசரதன் தினமும் விரட்டினார். விரட்டிவிட்டு, உள்ளே வந்து, மச்சானைப் பற்றி அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பெருமையாகச் சொல்வார்.

மைதிலி துண்டால் முகத்தைத் துடைத்தாள். பூபாலன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை மோதிர விரல் நடுக்கணுவில் வளைந்து, மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கம் விலகி நிற்கும்.

“வலிக்குதா இப்பல்லாம்?”

“எது?”

அவன் தாடையால் காட்டினான்.

மைதிலி துண்டை மடித்தாள். அந்த விரல் உடைந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் கேட்டதே இல்லை.

“பனி விழுந்தா கொஞ்சம் குடையும். மத்தபடி ஒண்ணுமில்ல.”

டிவியில் ஓவர் முடிந்து விளம்பரம் வந்தது.

“மைத்தி... அந்த சுவரு...”

அதற்குள் மூச்சு முட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. அவள் சட்டென்று நெஞ்சில் கை வைத்தாள்.

“பேசாத. எப்படி வாங்குது பாரு. அப்புறம் சொல்லு.”

சின்னப் பையன் மாதிரி அவன் உடனே கண்ணை மூடிக்கொண்டான். அவள் நுரைக் கிண்ணத்தையும் ரேசரையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குழாயடியில் தண்ணீர் திறந்துவிட்டு, கழுவாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

சுவர் என்றால் குவார்ட்டர்ஸ் கடைசி பிளாக்குக்குப் பின்னாலிருந்த மோட்டார் ரூம் சுவர். உலகத்தில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் நிறையப் பேருக்கு அந்தச் சுவரைத் தெரியும்.

அப்பா ஃபேக்டரிக்குப் போய், அம்மா அசந்து தூங்கும் மதிய நேரங்களில் பூபாலன் அங்கே பந்து போடுவான். மோட்டார் ரூமுக்கு முன்னால் ஒரு நீளமான சிமெண்ட் தரை இருந்தது. பையன்கள் எல்லோருக்கும் பேட் பிடிக்கத்தான் ஆசை. இவன் மணிக்கணக்காகப் போடும் சுழல் பந்துக்குப் பின்னால் நின்று பிடிக்க யாரும் வரவில்லை. விட்டால் பந்து சுவரில் பட்டுத் தெறித்து வேலிகாத்தான் புதருக்குள் போய்விடும். அதனால் தங்கையைக் கூப்பிட்டான். அப்பா தூக்கிப் போட்ட பழைய தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, மூன்று செங்கல்லை ஸ்டம்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் பாவாடையைச் சொருகிக்கொண்டு மைதிலி உட்காருவாள். முதலில் ரப்பர் பந்து, பிறகு கார்க் பந்து. சுவர் அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் விட்டால்தான் அதில் படும். அவள் விடமாட்டாள்.

பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவன் மணிக்கட்டு அப்படி ஏமாற்றும். பிற்பாடு பெரிய பெரிய பேட்ஸ்மேன்கள் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தார்கள். மைதிலி கையைப் பார்க்கவே மாட்டாள். காதைக் கொடுப்பாள். சாதாரணப் பந்துக்கு அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, பந்தோடு சேர்த்து விடுவான். எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளி என்றால் பந்து கையைவிட்டுப் போவதற்கு ஒரு நொடி முன்னாலேயே மூச்சு வெளியே வந்துவிடும். இதை அவள் அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் மாற்றிக்கொள்வான்.

ஒருநாள் தரையோடு சறுக்கிக்கொண்டு போகும் ஒரு பந்தைப் புதிதாகப் பழகினான். அது எழும்பாமல் வந்து கையுறைக்கு வெளியே விரலில் விழுந்தது. விரல் பின்பக்கமாக மடங்கி நின்றது. அவன் ஓடி வந்து பார்த்துவிட்டு அவளுக்கு முன்னால் அழுதான். அப்பா வந்து கேட்டபோது கதவில் நசுங்கிவிட்டது என்றான். “நான்தாம்பா பாக்காம சாத்திட்டேன்.” அப்பா நம்பவில்லை. வளர்ந்த பெண் பையன்களோடு ஆடினாளா என்று மைதிலியின் தலைமுடியைப் பற்றினார்.

“அவ வரவே இல்லப்பா. நான் தனியாத்தான் ஆடினேன். சுவத்துல போட்டு ஆடினேன்.”

பெல்ட்டால் அடி வாங்கியது பூபாலன்தான்.

கட்டு பிரித்ததும் மறுபடி அவள் போனாள். பெரியவளாகும்வரை போனாள். அப்புறம் அம்மா விடவில்லை. தசரதன் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, தட்டு நீட்டிய கையைப் பார்த்து மாமியார் கேட்டாள், “இன்னாம்மா விரலு இப்டி கீது?” அம்மாவுக்கு முன்னால் பூபாலன் பதில் சொன்னான். “கதவுல நசுங்கிடுச்சுங்க. நான்தான் சாத்தினேன்.” அப்போது அவன் மாநில அணிக்கு ஆடத் தொடங்கியிருந்தான்.

முதல் டெஸ்ட்டில் அவன் வெள்ளைக்காரர்களைச் சுருட்டிப்போட்ட மறுநாள் பேப்பரில் பேட்டி வந்தது. இடுப்பில் குழந்தையோடு பக்கத்து வீட்டில் வாங்கிப் படித்தாள். உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்ற கேள்விக்கு, ‘எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சுவர்’ என்று சொல்லியிருந்தான். மைதிலி சத்தமாகச் சிரித்துவிட்டாள். அப்பாவுக்குப் பயந்து இன்னும் அதையே சொல்கிறானே என்று நினைத்தாள்.

அப்பா போன பிறகும் அவன் அதையேதான் சொன்னான். எல்லோரும் விரும்பிக் கேட்டார்கள். சாதனையைத் தாண்டிய அன்று மைதானத்தின் நடுவில் மைக்கைப் பிடித்து அந்தச் சுவருக்கு நன்றி சொன்னான். ஒரு சிமெண்ட் விளம்பரத்தில்கூட வந்தான். சுவரில் பந்து போட்டுவிட்டு, கேமராவைப் பார்த்து, ‘என்னை எப்பவும் கைவிடாதது இதுதான்’ என்பான். ஒவ்வொரு நாடகத்துக்கும் நடுவில் அது வரும். தசரதன் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். “மைதிலி, ஓடியா, உங்கண்ணன் சிமெண்டு விக்கிறாரு!” அவள் அடுப்படியிலிருந்து வரமாட்டாள்.

அவன் ஆடிய மேட்சுகளை அவள் பார்த்தாள். அவனைப் பார்க்கமாட்டாள், கீப்பரின் கையைப் பார்ப்பாள். கீப்பர் ஸ்டம்பிங்கை விட்டுவிட்டால் அவளுடைய உள்ளங்கை காந்தும். ஒருமுறை சேப்பாக்கத்துக்கு டிக்கெட் அனுப்பி வரச்சொன்னான். பெவிலியனில் ஆட்டக்காரர்களின் மனைவிமார்களோடு உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் பக்கவாட்டில் தெரிந்தது. பந்து எங்கே விழுந்து எங்கே திரும்புகிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை. சத்தத்தில் மூச்சு எங்கே கேட்கும். மத்தியானமே தலைவலி என்று கிளம்பிவிட்டாள்.

அவன் பொய் சொல்கிறான் என்பதில் அவளுக்கு வருத்தமில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கு நிஜமாகவே சுவர்தான் ஞாபகமிருக்கிறதோ என்பதுதான் உள்ளே கிடந்தது. கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். வரும்போதெல்லாம் அவனைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

கஞ்சியோடு அவள் திரும்பி வந்தபோது தசரதன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னா, மச்சான் முழிச்சிகினு கீறாரா?”

“கண்ண மூடினு இருக்கான். நீங்க போங்க, நான் குடுத்துட்டு வரேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூபாலனின் நெஞ்சு மேலேறி இறங்கியது. இந்த இரண்டு மாதமும் கட்டிலுக்கு அருகே தரையில் படுத்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஏற்ற இறக்கமெல்லாம் அத்துப்படி. ஸ்பூனில் கஞ்சியை எடுத்து ஊதினாள். அப்போது அவன் மூச்சு ஒன்று வெளியே வந்தது. வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. மைதிலி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்ததுக்காகக் காத்திருந்தாள்.

டிவியில் ஆட்டக்காரர்கள் டீக்காக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

“ஏங்க,” என்று கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. “கொஞ்சம் உள்ள வாங்க.”

தசரதன் வந்து பார்த்தார். மூக்குக்கருகே புறங்கையை வைத்தார். பிறகு ஆக்சிஜன் மெஷினை அணைத்தார். அதன் இரைச்சல் நின்றதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. “மச்சான்... இன்னா மச்சான் இது,” என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்தான் அழுதார்.

மதியத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு ஃப்ரீசர் பெட்டியை நடு முன்னறையில் வைத்தார்கள். டிவி சேனல் வண்டிகள் குடை ஆண்டெனாக்களை விரித்துக்கொண்டு ஆவடி ரோடு முனைவரை நின்றன. பெட்டிக் கண்ணாடிக்குள் அண்ணனின் கன்னம் வழவழவென்றிருந்தது. நல்லவேளை, முடித்துவிட்டோம் என்று மைதிலி நினைத்தாள்.

கிரிக்கெட் சங்கத்திலிருந்து பரந்தாமன் என்ற பெரியவர் வந்தார். மாலையை வைத்துவிட்டு தசரதனைத் தனியாகக் கூப்பிட்டார். தசரதன் மைதிலியைக் கை காட்டினார்.

“அம்மா, சேப்பாக்கத்துல வெச்சா ரசிகர்கள் வந்து பாக்க வசதியா இருக்கும். கவர்ன்மெண்டுல இருந்தும் வருவாங்க. எல்லா ஏற்பாடும் நாங்க பண்ணிடுறோம்.”

“விக்ரம கேட்டீங்களா?”

“போன்ல பேசினோம். ஃப்ளைட் ஏறப் போறாரு. அத்தை என்ன சொல்றாங்களோ அதுன்னுட்டாரு.”

மைதிலி பெட்டியைப் பார்த்தாள். “இங்க வரணும்னுதான் வந்தான். இங்கயே இருக்கட்டுங்க.”

பரந்தாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்துக்கு ஷாமியானாவும் தண்ணீரும் ஏற்பாடு செய்யப் போய்விட்டார். நல்ல மனிதர். சாயங்காலம்வரை நின்றுகொண்டேயிருந்தார்.

வெயில் இறங்கியபோது ஒரு சேனல்காரப் பெண், ரேகா என்று பேர் சொன்னாள், மைதிலியைத் தேடிக் கண்டுபிடித்தாள். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். மைக்கை நீட்டுவதற்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்டீங்களாம்மா?” என்று கேட்டாள். அதனால் மைதிலிக்கு மறுக்கத் தோன்றவில்லை.

“உங்க அண்ணன் சின்ன வயசுல எப்படிம்மா?”

“நல்லா ஆடுவான். முரடெல்லாம் இல்ல. அழுவான், பொசுக்குனு அழுவான்.”

“யாருமே சொல்லித்தராம, தனியா, ஒரு சுவத்துல பந்து போட்டே கத்துக்கிட்டேன்னு சார் எல்லா பேட்டியிலயும் சொல்லுவாரு. நீங்க பாத்திருக்கீங்களா அத?”

மைக்கில் சேனல் பெயர் சிவப்பாக எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் கேமரா. அதற்கும் பின்னால் தசரதன், உறவுக்காரர்கள், தெருக்காரர்கள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை வருடம், பாத்திரம் தேய்க்கும்போதும் துணி அலசும்போதும் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். முழுப் பதிலும் தயாராக இருந்தது. வலது கை முந்தானைக்குள் இருந்தது.

“பாத்திருக்கேன்,” என்றாள்.

“அந்தச் சுவர் இப்ப இருக்காம்மா?”

காலையில் அவன் சொல்லாமல் நிறுத்தியது அவள் காதில் இருந்தது. அவள்தானே நிறுத்தச் சொன்னாள்.

“இருக்கு,” என்றாள் மைதிலி. “குவார்ட்டர்ஸ்ல இருக்கு.”

விக்ரம் மறுநாள் காலை விமான நிலையத்திலிருந்து நேராக வந்தான். பூபாலனைவிட உயரம், நெற்றி மட்டும் அப்படியே அவன் அம்மா. பெட்டியருகே வந்து நின்றவன் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், மறுபடி கழற்றினான். மைதிலி எழுந்து போய் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவனால் அழ முடிந்தது.

சங்கத்துக் கொடி போர்த்தி எடுத்தார்கள். மேளக்காரர்கள் முன்னால் போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். வண்டி திரும்பும்போது பூக்களுக்கு நடுவே ஒரு பக்கம் சரிந்திருந்த மாலையை விக்ரம் நேராக்குவது தெரிந்தது. யாரோ மைதிலியின் கையைப் பிடித்து வீட்டுக்குத் திருப்பினார்கள். வீடு கழுவிவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

பால் தெளித்து, சாம்பல் கரைத்து, எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் விக்ரம் டீ டம்ளரோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“அத்தை, அந்தச் சுவரைப் பாக்கணும். நீங்க டிவியில சொன்னீங்களே. ஃப்ளைட் மாறுறப்ப ஏர்போர்ட்ல போன்ல பாத்தேன்.”

மைதிலி கரண்டியைக் கீழே வைத்தாள். “இடமெல்லாம் புதரா கெடக்கும்பா.”

“பரவால்ல. ராத்திரி ஃப்ளைட். இத விட்டா எப்ப வருவேன்னு தெரியல.”

தசரதன் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டில் செக்யூரிட்டியிடம் பேசி உள்ளே விட்டார். தெரிந்தவர் ஒருவரோடு நின்று அவர் பேசிக்கொண்டிருக்க, அத்தையும் மருமகனும் நடந்தார்கள். கடைசி பிளாக்குகளில் இப்போது யாரும் இல்லை. ஜன்னல்களைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தார்கள். மாடிப்படிகளில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. சிமெண்ட் தரை வெடித்து, வெடிப்பெல்லாம் கோரை முளைத்திருந்தது. மோட்டார் ரூம் மட்டும் கூரையோடு நின்றது.

“இதுவா?”

“இதுதான்.”

விக்ரம் சுவருக்குப் பக்கத்தில் போனான். கையை வைத்தான். பிறகு நெற்றியையும் வைத்தான். மைதிலி தூரத்திலேயே நின்றாள்.

“எனக்கு இதும்மேல பொறாமையா இருக்கும் அத்தை, சின்ன வயசுல,” என்றான் திரும்பாமல். “அப்பா எப்பவும் டூர். வந்தா தூங்குவாரு. என்னோட அவர் ஆடினதே இல்ல. ஆனா இதப் பத்திப் பேச ஆரம்பிச்சா அவர் மொகமே மாறிடும். அந்த மதியானம் மாதிரி இன்னொரு மதியானம் வரவேயில்லடான்னு சொல்வாரு. எந்த கிரவுண்டுலயும் வரலன்னு. ஒரு சுவத்துக்கிட்ட ஒரு மனுஷனுக்கு இவ்ளோ என்ன இருக்கும்னு நெனப்பேன்.”

காற்றில் கோரை சாய்ந்து நிமிர்ந்தது.

“பந்து எந்த உசரத்துல படும்?”

“இங்க.” அவள் சுவருக்கு முன்னால் வந்து, காட்டுவதற்காகக் குனிந்தாள். முழங்கால் இரண்டும் தானாக மடிந்தன. குதிகால் தூக்கிக்கொண்டது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்த்து விரிந்தன. அறுபதை நெருங்கும் வயதில் எத்தனையோ நாளாகக் குந்தி உட்கார்ந்து எழ முடியாமலிருந்தவள், எந்த வலியும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். “இந்த உசரத்துல வரும். சில நேரம் இன்னும் தாழ்வா.”

விக்ரம் சுவரைத் தடவினான். பக்கவாட்டில் போய்ப் பார்த்தான். “ஒரு தழும்புகூட இல்லையே அத்தை? கார்க் பால்னுதானே சொல்வாரு?”

“சுண்ணாம்பு அடிச்சிருப்பாங்க.”

அவன் திரும்பினான். அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான். விரிந்த கைகளையும், அதில் சேராமல் தனியே விலகி நின்ற விரலையும் பார்த்தான். கிரிக்கெட்காரன் வீட்டில் வளர்ந்தவன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

“கை குடுப்பா, எழுந்துக்கறேன். வெயில் ஏறுது.”

அவன் கை கொடுத்துத் தூக்கினான். தூக்கிய பிறகும் கையை விடவில்லை. பிறகு மெல்ல விட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து போனான். சிமெண்ட் தரையின் மறுமுனைவரை போய்த்தான் நின்றான்.

“அத்தை, அங்கயே நில்லுங்க. ஒரு போட்டோ.”

“சுவத்த மட்டும் எடுப்பா.”

“நீங்களும் நில்லுங்க.”

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் அவனுக்குத் தயிர் சாதம் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டான். காரில் ஏறும்போது குனிந்து அவள் காலைத் தொட்டான். அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்று கார் போன பிறகு தசரதன் ஆச்சரியப்பட்டார். “உன்கிட்ட இன்னாவோ ஒட்டிகிச்சு புள்ள,” என்றார். “அங்க அப்டி இன்னாதான் பேசிகினீங்க?”

“சும்மாதான்.”

கார் போன கொஞ்ச நேரத்தில் கட்டில் கடைக்காரன் மினி ஆட்டோவோடு வந்தான். கூட ஒரு ஆள். முன்னறைக்குள் வந்து, படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைப் பார்த்து இருவரும் கும்பிட்டார்கள்.

“தப்பா நெனச்சிக்காதீங்கமா. நாளக்கி வரலாம்னுதான் இருந்தேன். கரையான்சாவடில ஒரு பெரியம்மா, ஆஸ்பத்திரிலருந்து கூட்டியாந்துகினு கீறாங்க. வேற கட்டில் இல்ல.”

“என்ன அவங்களுக்கு?”

“மூச்சுதான்னு சொன்னாங்கமா.”

மைதிலி உள்ளே போய் வாளியில் டெட்டால் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள். கடைக்காரன் நாங்க தொடச்சிக்கிறோம்மா என்றதைக் கேட்காமல், கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தலைமாட்டுப் பலகையை, கைப்பிடியை, நான்கு சக்கரத்தையும் துடைத்தாள். அவர்கள் கதவோரமாக ஒதுங்கி நின்றார்கள். துடைத்து முடித்து அவள் விலகியதும் இருவரும் கட்டிலைச் சாய்த்து வாசற்படி தாண்டித் தூக்கி, வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள்.

வண்டி கிளம்பப்போகும் சமயம் மைதிலி கேட்டுக்கு வந்தாள்.

“தம்பி.”

“சொல்லுங்கமா.”

“அந்த தலமாட்டு கைப்பிடி, சுத்தறப்ப ஒரு எடத்துல இறுகும். அதோட நின்னுக்கும்னு நெனச்சிடுவாங்க. நிக்காது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுத்தச் சொல்லு. அப்பத்தான் மூச்சு லேசா வரும்.”

“சொல்லிட்றேன்மா.”

“மறந்துடாத.”

“இல்லமா.”

மினி ஆட்டோ தெருவில் இறங்கியது. கட்டிலின் சக்கரம் ஒன்று காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டே போயிற்று.